கூத்துக் கண்டோர் கூறும் தீர்ப்பு

இயல், இசை, நாடகம் எனத் தமிழை மூன்றாக வகுத்து, அவற்றுள் நாடகத்தை இறுதிக்கண் வைத்தெண்ணுதல் மரபு. இறுதியில் நின்றமையால் அது தாழ்ந்ததெனக் கொள்ளுதல் பொருந்தாது. இயலும் இசையும் வந்து கூடிய பின்னரே நாடகம் உருப்பெறும் என்பதே அவ்வைப்பு முறையின் கருத்தாகும். ஆயின், அவ்விரண்டும் கூடிய அளவிலே நாடகம் முற்றுப்பெற்று விடுமோ எனின், விடாது. நூல் கற்பவன் தனித்திருந்து கற்றல் கூடும். பாடுவோன் தன் உள்ளம் மகிழத் தனக்கே பாடிக்கொள்ளுதலும் கூடும். காண்போர் இன்றி ஆடப்படும் நாடகமோ பயிற்சி எனப்படுமேயன்றி நாடகம் எனப்படாது. காண்போரும் கண்டு வாளாது செல்வோராய் இருப்பின் அந்நாடகத்தின் பயன் பாதியே எனலாம். கண்டவற்றைப் பற்றித் தம்முட் பேசி, நன்று இது, தீது இது எனத் துணியும்போதே நாடகம் ஊரின் உடைமையாகிறது. இவ்வுண்மையைத் தெளிவுறக் காட்டும் இடங்களுள் ஒன்று சப்பிரகமுவா மாகாணத்துத் தோட்டங்களிற் பயின்று வந்த கூத்துக் களமாகும்.

சப்பிரகமுவா மாகாணம் 1889 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களைத் தன்னகத்தே கொண்டது. 1869 ஆம் ஆண்டிற் கோப்பிப் பயிரை இலைநோய் பற்றத் தொடங்கிய பின்னர் மலைநாட்டிலே தேயிலை பரவியது. 1876 ஆம் ஆண்டில் ஹெனரத்கொடைத் தாவரத் தோட்டத்தில் நடப்பட்ட றப்பர்க் கன்றுகளின் வழியாக வந்த பயிர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே சப்பிரகமுவாவின் தாழ்ந்த குன்றுகளை மூடியது. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடை முதலிய இடங்களின் தோட்டங்களில் உழைத்தற்பொருட்டுத் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளினின்றும் மக்கள் வந்தனர். அவர்கள் கையிற் கொணர்ந்த பொருள் சிறிது. நெஞ்சிற் கொணர்ந்த கதையும் பாட்டும் மிகப் பெரிது. காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் கதை ஆகிய கூத்துக்கள் மலையகத் தோட்டங்களில் இவ்வாறே வேரூன்றின. இவற்றுட் காமன் கூத்து மத்திய, ஊவா, சப்பிரகமுவா மாகாணங்களிலே பரவலாக ஆடப்பட்டு வருவது.

கூத்து நிகழும் காலமும் நோக்கத்தக்கது. ஆண்டொன்றுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேலாக மழை பொழியும் நகரம் இரத்தினபுரி. ஆயினும் மாசி மாதத்தையொட்டி மழை சற்றே தணியும். அக்காலத்திலேயே றப்பர் மரங்கள் இலையுதிர்த்துத் தளிர்க்கும், பால் குறையும். வெட்டவெளியில் இராமுழுதும் அமர்ந்து கூத்துக் காண்பதற்கு வானமும் தொழிலும் ஒருங்கே இடந்தரும் காலம் அதுவேயாகும். மாசி மாதத்து அமாவாசைக்குப் பின் மூன்றாம் பிறையிலே காமன் கம்பம் நடப்படும். அவ்விடத்தைக் காமன் பொட்டல் என்பர். இரதியும் மன்மதனும் வேடம் புனைந்து தப்பொலி முழங்க ஆடுவர். லயந்தோறும் சென்று மக்களாற் பூசிக்கப்படுவர். நிறைநிலாவை அண்டிய இரவிலே கதையின் உச்சம் நிகழும். சிவபெருமானின் தவத்தைக் கலைக்குமாறு இந்திரன் காமனை ஏவுகின்றான், இரதி தடுக்கின்றாள், காமன் அவள் சொல்லைக் கடந்து சென்று மலரம்பு எய்கின்றான், நெற்றிக்கண் திறக்கின்றது, காமன் நீறாகின்றான். பின்னர் இரதியின் புலம்பல். அதன்பின் காமன் உயிர்பெற்றெழுதலுடன் விழா நிறைவெய்தும்.

இக்கதை கற்றோர்க்குப் புதியதன்று. கந்தபுராணத்திற் காமதகனப் படலம் உண்டு. காளிதாசனின் குமாரசம்பவத்தில் மூன்றாம் சருக்கம் காமன் எரிந்ததையும் நான்காம் சருக்கம் இரதியின் புலம்பலையும் கூறும். தோட்டத்து மக்களுக்கும் இது புதியதன்று. ஆண்டுதோறும் கண்ட கதையே அது. முடிவு யாதாகுமோ என்னும் ஆவல் அவர்களை அங்கே இருத்துவதில்லை. அறிந்த கதை இவ்வாண்டு எவ்வாறு ஆடப்படுகின்றது என்பதைக் காணவே அவர்கள் விழித்திருக்கின்றனர். இதனைக் கருத்திற் கொண்டாலன்றி அவர்களுடைய பேச்சின் தன்மை விளங்காது. கதையறியாதவன் அடுத்து என்ன நிகழும் என வினவுவான். கதையறிந்தவனோ நிகழ்ந்தது முறையாக நிகழ்ந்ததா என ஆராய்வான். முன்னவன் விருந்தினன், பின்னவன் வீட்டுக்குரியவன்.

இப்பேச்சு களத்திலேயே தொடங்குகின்றது. பாடுவோன் ஓரடியை விட்டுவிடின் அவ்வடியைக் கூட்டத்திலுள்ள முதியவர் ஒருவர் எடுத்துக் கொடுத்தல் உண்டு. தாளம் பிறழின் தப்படிப்போர் பக்கம் தலைகள் திரும்பும். பொழுது புலர்ந்தபின் அப்பேச்சு வேறிடங்களுக்குப் பெயர்கின்றது. விடிகாலையிற் பெயர்பதியும் பெரட்டுக்களத்திலும், கொழுந்து நிறுக்கும் இடத்திலும், பெண்கள் நீர்மொள்ளும் பீலியிலும், மாலையில் லயத்து இஸ்தோப்பிலும் முன்னாளிரவுக் கூத்தே பொருளாகின்றது. கூத்தைப் பயிற்றியவர் மாஸ்டர் என்றோ வாத்தியார் என்றோ அழைக்கப்படுவார். அவருடைய காதுக்கு இப்பேச்சு எட்டாதிருத்தல் அரிது. ஆடியவனும் அதே லயத்திலே வாழ்பவன். ஆதலின், தீர்ப்பு வழங்குவோரும் தீர்ப்புக்குரியவரும் மறுநாளே முகத்தோடு முகம் காண்கின்றனர். சொல்லுவது அளந்து சொல்லப்படுவதற்கும், சொல்லியது எளிதில் மறக்கப்படாமைக்கும் இதுவே காரணமாம்.

அவர்கள் எவ்வளவைகளைக் கொண்டு மதிப்பிடுகின்றனர் என ஆராயின் நான்கு புலனாகும். முதலாவது கதையும் பாட்டும் வழுவாமை. இடையிலே ஒரு பகுதி சுருக்கப்பட்டதாயின் அதனை முதியோர் முதலிற் கண்டுகொள்வர். இரண்டாவது ஆட்டமும் தாளமும் இயைதல். அடிவைப்புக்கும் தப்பின் அடிக்கும் உள்ள இசைவை ஆடிப் பழகியோரும் அடித்துப் பழகியோருமே கூர்ந்து நோக்குவர். மூன்றாவது நோன்பு. வேடம் புனைவோர் விரதங் காத்தல் வேண்டும் என்பது வழக்காதலின், கூத்தைக் குறித்த பேச்சில் ஒழுக்கத்தைக் குறித்த பேச்சும் கலந்துவிடுகின்றது. நான்காவது உள்ளத்தை உருக்குதல். இதற்கு உரைகல் இரதியின் புலம்பல். மரபிலே இரதி வேடத்தைப் புனைபவர் ஆடவரே. தாடியை மழித்து மையிட்டு நிற்பவன் தங்களுள் ஒருவனே என்பது எல்லார்க்கும் தெரியும். தெரிந்தும் பெண்கள் கண்ணீர் சிந்துவாராயின் அவ்வாண்டுக் கூத்து வென்றதென்பர். துணையை இழந்து வாழும் பெண்ணொருத்தி அப்புலம்பலைப் பற்றிக் கூறுவதற்கு மேலான தீர்ப்பு எவரிடமிருந்தும் வருதற்கில்லை. தொல்காப்பியர் எண்ணிய எட்டு மெய்ப்பாடுகளுள் அழுகையும் ஒன்று என்பதை அவள் கற்றிலள். எனினும் பொய்யான அழுகை எது, மெய்யான அழுகை எது எனப் பிரித்தறியும் ஆற்றல் அவளிடத்தே உண்டு.

இத்தகைய மதிப்பீட்டைக் கல்லாதார் பேச்செனத் தள்ளிவிடுவார்க்குப் பரத முனிவரின் நாட்டிய சாத்திரம் விடை கூறுகின்றது. அந்நூலின் முதல் அத்தியாயத்திலே முதன்முதல் நிகழ்ந்த நாடகத்தின் வரலாறு சொல்லப்படுகின்றது. தேவர் வென்று அசுரர் தோற்ற கதை ஆடப்பட்டதாம். அதனைக் கண்ட அசுரர் சினங்கொண்டு கூத்தைக் குலைத்தனராம். பிரமதேவர் அவர்களை அழைத்து, நாடகம் ஒரு சாராரை இகழ்தற்கன்று, மூவுலகத்தாரின் இயல்பையும் காட்டுதற்கே ஏற்பட்டது எனத் தெளிவித்தனராம். முதல் நாடகம் பிறந்த அன்றே காண்போரின் மாறுபட்ட கருத்தும் பிறந்தது என்பது இக்கதையால் அறியப்படும். அக்கருத்துக்கு விடைகூறும் கடமையும் அன்றே பிறந்தது.

அந்நூலின் இருபத்தேழாம் அத்தியாயம் நாடகத்தின் வெற்றியைச் சித்தி எனப் பெயரிட்டு, தெய்வ சித்தி, மானுட சித்தி என இரண்டாக வகுக்கின்றது. புன்முறுவல், சிரிப்பு, நன்று நன்று என்னும் ஒலி, அந்தோ என்னும் இரக்கம், மெய்ம்மயிர் சிலிர்த்தல், ஆடையும் மோதிரமும் எறிந்து பாராட்டல் முதலியன மானுட சித்தியின் அடையாளங்கள். மக்கள் வாய்பேசாது ஒருமித்து ஆழ்ந்திருத்தல் தெய்வ சித்தியாம். மேலும், மாறுபாடு எழுமிடத்துத் தீர்ப்புக் கூறுதற்குரியாராகப் பதின்மரை அந்நூல் எண்ணுகின்றது. வேள்வி வல்லான், நடிகன், யாப்பறிஞன், இலக்கண அறிஞன், அரசன், வில்லாளன், ஓவியன், கணிகை, இசைவாணன், அரச ஊழியன் என்போர் அவர். அவரவர் தத்தம் தொழிலுக்குரிய பகுதியையே ஆராய வேண்டும். வேள்வி பற்றியதனை வேள்வி வல்லானும், படைக்கலம் எடுக்கும் நிலையினை வில்லாளனும், காதல் ஒழுக்கத்தைக் கணிகையும் நோக்குவர். எல்லாம் அறிந்தவன் ஒருவன் இல்லை. ஒவ்வொன்றை அறிந்தார் பலர் கூடின் எல்லாம் அறியப்படும் என்பதே இதன் உட்கருத்து. தப்படிப்பவன் தாளத்தையும், பூசகர் சடங்கையும், முதியோர் கதையையும், துயருற்றவள் புலம்பலையும் ஆராயும் காமன் பொட்டலிலே இம்முறையே நடைபெறுகின்றது என்பது மிகையன்று. எழுதிய விதியைக் கண்டு இவர்கள் நடந்தாரல்லர். இத்தகைய வழக்கைக் கண்டே விதி எழுதப்பட்டது எனக் கொள்ளுதல் பொருந்தும்.

பிற நாட்டிலும் இதற்கு ஒப்புமை உண்டு. பண்டைய அதென்சு நகரில் தயோனீசியப் பெருவிழாவிலே நாடகங்களை மதிப்பிட்டவர்கள் தொழில்முறை அறிஞரல்லர். பத்துக் குடிகளினின்றும் திருவுளச்சீட்டால் எடுக்கப்பட்ட குடிமக்களே. கி. மு. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பிரினிக்கசு என்னும் புலவன், பாரசீகரால் அழிக்கப்பட்ட மிலேத்தசு நகரின் வீழ்ச்சியை நாடகமாக்கினான். அதனைக் கண்ட மக்கள் அனைவரும் அழுதனர். தம்மவரின் துயரத்தை நினைவூட்டினான் என அவனுக்கு ஆயிரம் திரக்மா தண்டம் விதித்து, அந்நாடகத்தை மீண்டும் ஆடலாகாதெனத் தடுத்தனர் என எரோதோத்தசு எழுதியுள்ளார். அங்கே கண்ணீர் தண்டத்தை ஈட்டியது. காமன் பொட்டலிலோ கண்ணீர் புகழை ஈட்டுகின்றது. இரதியின் துயரம் தெய்வத்தின் துயரமாதலின், அதன் மறைவிலே தத்தம் துயரத்துக்கு அழுதுகொள்ள எவர்க்கும் இடமுண்டு. பிறந்த ஊரைவிட்டு வந்தோரின் வழித்தோன்றல்களுக்கு அத்தகைய அழுகை வேண்டப்படுவதொன்றே.

கண்டோர் கருத்துக் கூறுதல் தானே ஒரு கலையாக வளர்ந்த சிறப்பும் காமன் கூத்துக்கு உண்டு. அதுவே லாவணி. 1676 ஆம் ஆண்டு முதல் 1855 ஆம் ஆண்டு வரை தஞ்சையை ஆண்ட மராட்டியர் காலத்திலே தமிழகம் புகுந்த இப்பாட்டு வகை, காமன் விழாவோடு பிணைந்தது. எரிந்த கட்சி, எரியாத கட்சி என இரு சாரார் எதிரெதிர் அமர்ந்து, காமன் எரிந்தானா எரியவில்லையா என்னும் வினாவைக் கொண்டு பாட்டாலே வாதிடுவர். மலையகத்துக் கூத்துக் களங்களும் இவ்வாதத்தைக் கேட்டறிந்தவையே. உடல் நீறானமையை ஒரு சாரார் காட்டுவர். உலகில் ஆசை ஒழியாமையை மறு சாரார் காட்டுவர். உருவமின்றி இருப்பதனாலேயே அவன் அநங்கன் எனப்பட்டான் என்பதை நோக்கின் இரு கட்சியிலும் உண்மை உண்டு. கண்முன்னே எரிந்ததைக் கண்டவர்கள், எரிந்தது யாது எனக் கேட்கத் துணிவதே நாடகத் திறனாய்வின் தலையாய நிலையாகும். கண்டதை அப்படியே ஒப்புவித்தல் செய்தி. கண்டதன் பொருளை ஆராய்தல் திறனாய்வு. செய்தித்தாள் எழுதுவோர் பலர்க்கும் கைவராத இவ்வேறுபாட்டை லாவணி பாடுவோர் பாட்டிலேயே கைக்கொண்டனர்.

இவ்வளவு கூறியதனால் இத்தீர்ப்பு முறையிலே குற்றமேயில்லை எனக் கொள்ளலாகாது. உறவினன் ஆடினான் என்பதற்காக வாழ்த்துதலும், பகைவன் மகன் ஆடினான் என்பதற்காகப் பழித்தலும் உண்டு. தப்பின் ஒலியை வியந்தோர், அதனை அடித்தவரைச் சாதியின் பெயரால் அகலநிறுத்தி அவர்தம் கருத்தைக் கேளாதொழிந்த காலமும் இருந்தது. பெண்களின் கண்ணீரைச் சான்றாகக் கொண்டவர்கள், பெண்களின் சொல்லைச் சபையிலே கேட்டதில்லை. அது பீலியோடு நின்றுவிட்டது. புதிதாக ஒன்றைச் செய்வோனை முறை தவறினான் எனக் கண்டிக்கும் முதுமையின் பிடிவாதமும் உண்டு. பரதரும் பகைமையாலும் பொறாமையாலும் நாடகத்துக்கு நேரும் ஊறுகளைத் தனியே எண்ணியுள்ளாராதலின், இக்குற்றங்கள் தோட்டத்துக்கு மட்டும் உரியனவல்ல. பேசுவோர் பெருகுந்தோறும் ஒருவரின் ஓரவஞ்சனையை மற்றொருவரின் சொல் திருத்தும். எனவே பேச்சை விரித்தலே இதற்கு மருந்தாம், ஒடுக்குதல் மருந்தாகாது.

ஆயின், காலம் அப்பேச்சை ஒடுக்கியே வந்துள்ளது. 1964 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திற் செய்யப்பட்ட சிறிமா - சாத்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களின் நிலையை எண்ணிக்கையாற் பகுத்தது. அவருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974 ஆம் ஆண்டில் இரு நாடுகளும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டன. குடும்பங்கள் கப்பலேறியபோது, ஆடத் தெரிந்தவர் மட்டும் சென்றாரல்லர். ஆடியதைப் பிழையெனச் சொல்லத் தெரிந்தவரும் சென்றனர். 1977, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களால் மலையகத்து மக்கள் பலர் வவுனியா, கிளிநொச்சி முதலிய இடங்களுக்குப் பெயர்ந்தனர். ஆடுவோன் ஒருவன் போயின் மற்றொருவனைப் பயிற்றலாம். ஐம்பது ஆண்டுக் கூத்தை நினைவில் வைத்திருந்த ஒரு கிழவன் போயின் அவனிடத்தில் இருத்துதற்கு வேறொருவனைப் பயிற்றுதல் எளிதன்று. இழப்பின் இப்பகுதி எவராலும் எண்ணப்படாதது.

கூத்து வேறு மேடைகளையும் கண்டது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்திலே 1962 ஆம் ஆண்டிற் கர்ணன் போர் என்னும் கூத்தை மேடையேற்றி, இராமுழுதும் ஆடும் மட்டக்களப்புக் கூத்தைச் சில மணி நேரத்துள் அடக்கிக் கற்றோர் காணச் செய்தார். அதனாற் கூத்து மதிப்புப் பெற்றது. புதிய காண்போரைப் பெற்றது. இக்காலத்தில் நாடகமும் அரங்கியலும் உயர்தர வகுப்பிற்குரிய பாடமாக உள்ளது. தமிழ்மொழித் தினப் போட்டிகளில் மாணவர் நாடகம் ஆடுகின்றனர். இவையெல்லாம் போற்றத்தக்கனவே. ஆயினும் போட்டி மேடையிலே தீர்ப்பு மூவரின் புள்ளித்தாளில் அடங்கிவிடுகின்றது. முடிவு அறிவிக்கப்பட்டதும் பேச்சும் முடிந்துவிடுகின்றது. வென்றவர் எதனால் வென்றார், தோற்றவர் எதனைத் திருத்தல் வேண்டும் என்பதைக் காண வந்தோர் தம்முட் பேசிக்கொள்ள இடமும் இல்லை, நேரமும் இல்லை. கைத்தொலைபேசியிற் பதிந்த கூத்து உலகெங்கும் செல்கின்றது. அதற்குக் கிடைப்பதோ பெரும்பாலும் ஒரு சொற் புகழுரை. புகழுரையால் ஆடுவோன் மகிழ்வான், திருந்தமாட்டான்.

ஆதலின் சப்பிரகமுவாவின் பாடசாலைகளில் நாடகம் பயிற்றுவோரும் பயில்வோரும் செய்யத்தக்கது ஒன்றுண்டு. காமன் பொட்டலுக்குச் செல்லும் மாணவன் ஆட்டத்தை மட்டும் படம்பிடித்து மீளாமல், மறுநாட் காலையில் பெரட்டுக்களத்திலும் பீலியிலும் பேசப்படுவதைச் செவிமடுத்து எழுதிவைத்தல் வேண்டும். எந்த அடி விடப்பட்டது எனக் கூறும் முதியவரிடம் அவ்வடியைக் கேட்டறிதல் வேண்டும். தப்படிப்பவரைச் சபையில் இருத்தி அவர் சொல்வதைக் கேட்டல் வேண்டும். பாடசாலை மேடையில் நாடகம் முடிந்தபின் அரைமணி நேரத்தைக் காண்போர்க்கென ஒதுக்கி, பெற்றோரும் மாணவரும் தம் கருத்தைக் கூற வைத்தல் வேண்டும். இதற்குப் பொருட்செலவு இல்லை. வேண்டுவன பொறுமையும், பிழை சுட்டப்படுவதைத் தாங்கும் மனமுமேயாம்.

மாதவியின் அரங்கேற்றத்தைக் கண்ட சோழ மன்னன் அவளுக்குத் தலைக்கோலும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் அளித்ததாகச் சிலப்பதிகாரம் கூறும். தோட்டத்துக் கூத்தனுக்குப் பொன்னளிக்க மன்னர் எவரும் வந்திலர். அவனுக்கு வாய்த்த பரிசில், கூத்தாடிய மறுநாட் காலையில் கொழுந்துக் கூடையோடு எதிர்ப்பட்ட கிழவியொருத்தி நின்று சொன்ன இரண்டு சொல்லே. அவ்விரண்டு சொல்லைச் சொல்வதற்கு ஆள் இருக்கும் வரையிலும் கூத்தும் இருக்கும்.